ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்த அணிக்கு ஏன் அழைப்பு வரவில்லை?

சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் கீஸார் ஸ்டேடியம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே ஓடப் போவேன். பழைய பெரிய அரங்கத்தை 1989-ல் இடித்துவிட்டு, அதே இடத்தில் சிறியதாகக் கட்டிய அரங்கம் அது. நடுவில் இருக்கும் புல்தரைக்கு பாப் செயின்ட் கிளேர் என்ற ஆட்டக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். யார் இவர் என்று தேடப்போய் 1951-ம் வருடக் கதை ஒன்று கையில் சிக்கியது. இரண்டு வாரமாக மனசு அதிலேயே கிடக்கிறது. எழுதிவிட்டால்தான் ஆறும்.

நான் சொல்வது நம்மூர் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிரணி முட்டிச் சாய்க்கும் அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே கல்லூரி அணிகளின் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் கடைசிவாக்கில் முடியும். நன்றாக ஆடிய அணிகளைப் புத்தாண்டையொட்டி நடக்கும் 'பவுல்' போட்டிகளுக்கு அழைப்பார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் தகுதிச் சுற்று என்று ஒன்றும் கிடையாது. போட்டி நடத்தும் கமிட்டி யாரைக் கூப்பிடுகிறதோ அவர்களுக்குத்தான் பந்தியில் இலை. கூட்டம், பணம், பெயர் எல்லாம் அதில்தான்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் சிறிய கல்வி நிலையம். அதன் அணிக்கு 'டான்கள்' என்று பெயர். பயிற்சியாளர் ஜோ குஹாரிச். 1951-ல் அவர்கள் ஒன்பது ஆட்டம் ஆடினார்கள், ஒன்பதையும் ஜெயித்தார்கள். ஆலி மேட்சன் என்ற இளைஞர் அந்த ஒரு பருவத்தில் பந்தோடு ஓடிக் கடந்த தூரம் 1,566 கெஜம். அந்த வருடம் நாட்டிலேயே வேறு யாரும் அவ்வளவு ஓடவில்லை. நியூயார்க் போய் ஃபோர்டம் அணியை 32-26 என்று வென்ற ஆட்டத்தில், எதிரணி உதைத்துத் தொடங்கிய பந்தைப் பிடித்து மைதானத்தின் மறுகோடி வரைக்கும் அவர் ஓடி முடித்தது ஒரு முறை அல்ல, இரண்டு முறை. தற்காப்பில் ஜினோ மார்ச்செட்டி நின்றார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டை போட்டுவிட்டு வந்து படித்தவர். ஆறடி ஒன்பது அங்குல பாப் செயின்ட் கிளேர் இருந்தார். பர்ல் டோலர் இருந்தார், எதிரில் வருகிறவனை முட்டி நிறுத்துவதில் மன்னர். மேட்சன், மார்ச்செட்டி, செயின்ட் கிளேர் மூவரும் பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர்!

மேட்சனும் டோலரும் கருப்பினத்தவர்கள். இருவருமே தெற்கில் பிறந்தவர்கள். மேட்சன் டெக்சஸ்காரர், டோலர் டென்னசியின் மெம்ஃபிஸ்.

நவம்பரில் பசிபிக் கல்லூரி அணியை 47-14 என்று நொறுக்கியபோது, இனி அழைப்பு வந்துவிடும் என்றுதான் ஊரே நினைத்தது. கடைசி ஆட்டத்தில் பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லயோலாவை 20-2 என்று முடித்தார்கள். அழைப்பு வரவில்லை. தெற்கு மாநிலப் பெரிய பவுல்களிலிருந்து வந்தது ஒரு நிபந்தனை மட்டுமே: அந்த இரண்டு கருப்பின வீரர்களை விட்டுவிட்டு வருவதானால் வரலாம்.

அணி மறுத்தது. அன்று அங்கே இருந்தவர்கள் வயதான காலத்தில் இதைப் பல தடவை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வாதம் நடந்ததாகவோ, கை தூக்கி எண்ணியதாகவோ யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கிடைக்கும் வாய்ப்பு. பல்கலைக்கழகத்துக்கு அணி நட்டக் கணக்கு என்பதும் ஊரறிந்த சங்கதி. பவுல் பணம் வந்தால் அணி பிழைக்கும், வராவிட்டால் சந்தேகம்தான். அந்த நிலைமையில் வந்த மறுப்பு அது.

இந்தக் கதையை அமெரிக்காவில் நெகிழ்ந்து நெகிழ்ந்து சொல்கிறார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் சொல்கிறவர்கள் பலர் கூடவே ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள்: "அந்தக் காலம் அப்படி." அந்த வரியை நான் ஏற்கவில்லை. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

காலம் எல்லாருக்கும் ஒன்றுதானே? 1946-ல் பென் ஸ்டேட் என்ற கல்லூரி அணியிடம் கருப்பின வீரர்கள் இல்லாமல் மயாமிக்கு வரச் சொன்னபோது, அவர்கள் அந்த ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். அதே அணி 1948 புத்தாண்டு அன்று டெக்சஸின் டல்லாஸில் காட்டன் பவுலில் ஆடியது, வாலஸ் டிரிப்லெட், டென்னி ஹாகார்ட் என்ற இரண்டு கருப்பின வீரர்களோடு. 13-13 என்று சமனில் முடிந்த அந்த ஆட்டத்தில் சமன் செய்த டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது, டிரிப்லெட்டுடையது. வானம் இடிந்து விழவில்லை. இன்னும் கேளுங்கள். டான்களிடம் 47-14 என்று தோற்ற அதே பசிபிக் அணி, அதே பருவத்தின் முடிவில் டெக்சஸின் எல் பாசோவில் சன் பவுல் ஆடியது. எடி மேக்கன் என்ற கருப்பின வீரர் அதில் இறங்கினார்.

ஆக, தோற்ற அணிக்கு ஒரு ஊரில் கதவு திறந்தது; ஜெயித்த அணிக்குப் பெரிய பவுல் ஊர்களில் அடைத்தது. அடைத்தது காலம் அல்ல, கமிட்டி அறையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள். பட்டியலில் எந்தப் பெயரை எழுதுவது, எதை விடுவது என்று பேனாவைக் கையில் பிடித்து முடிவு செய்தவர்கள். அவர்கள் செய்ததைக் காலத்தின் கணக்கில் எழுதினால் அவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

அவர்கள் வெளியில் சொன்ன காரணம் இன்னும் கசப்பு: டான்கள் ஆடிய எதிரணிகள் பலவீனமானவை என்றார்கள். அட்டவணையில் கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு போன்ற பெரிய பல்கலைக்கழக அணிகள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு பேரை விட்டுவிட்டு வந்தால் மட்டும் அந்த எதிரணிகள் திடீரென்று பலசாலிகள் ஆகிவிடுவார்களா? ஒதுக்குகிறவன் ஒருபோதும் ஒதுக்குகிறேன் என்று சொல்வதில்லை. 'தரம்' என்பான். இந்தச் சொல்லை நான் வேறு இடங்களிலும் கேட்டு வளர்ந்தவன். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறதோ என்னவோ.

அதே பருவத்தில் அக்டோபர் 20 அன்று ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கருப்பின வீரர் ஜானி பிரைட்டின் தாடையை எதிரணி வீரர் ஒருவர் குத்தி உடைத்தார். பந்து அப்போது பிரைட்டின் கையிலேயே இல்லை. வரிசையாக எடுத்த புகைப்படங்கள் பத்திரிகையில் வந்தன, 1952-ல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. உடைந்த தாடைக்குப் புகைப்படம் இருக்கிறது. அனுப்பாத அழைப்புக் கடிதத்தை யார் படம் எடுப்பது?

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கிறேன். எல்லாரும் அணியின் மறுப்பைப் பேசுகிறோம். மேட்சனும் டோலரும் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்? உன்னால்தான் போச்சு என்று யாருமே சொல்லாவிட்டாலும், கூட ஆடிய முப்பது பேரின் கனவு தன் தோலின் நிறத்தால் கலைந்தது என்று தெரிந்துகொண்டு மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும். அந்தப் பாரத்தைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை.

அந்தப் பருவம் முடிந்ததும் பல்கலைக்கழகம் அணியைக் கலைத்துவிட்டது. செயின்ட் கிளேர் மீதமிருந்த ஒரு வருடத்தை ஆட டல்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். இதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி பில் ரஸ்ஸலோடு 1955, 1956 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன் ஆனது. 2006-ல் உயிரோடிருந்த டான்களுக்குப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஐம்பத்தைந்து வருடம் கழித்து! கொடுத்தது நல்லதுதான். ஆனால் ஆட வேண்டிய வயதில் ஆடாமல் போன ஆட்டத்துக்கு எந்தப் பட்டமும் ஈடாகாது.

டோலர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. 1952-ல் கல்லூரி நட்சத்திரங்களுக்கான ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. ஆசிரியரானார், பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி முதல்வரானார். 1965-ல் தொழில்முறை அணிகளின் தேசிய ஃபுட்பால் லீக் அவரை நடுவராக எடுத்துக்கொண்டது. அந்த லீகின் முதல் கருப்பின நடுவர் அவர்தான். லீகின் தலைவர் பீட் ரோசல், 1951-ல் டான்களின் ஆட்டச் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்த அதே இளைஞர்.

1980 ஜனவரியில் அந்த லீகின் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்துக்கு நடுவர் குழுவில் டோலரும் இருந்தார். கருப்பினத்தவர் ஒருவர் சூப்பர் பவுலுக்கு நடுவரானது அதுவே முதல் தடவை. ஆட்டம் நடந்தது பாசடீனா ரோஸ் பவுல் அரங்கத்தில். டான்கள் தங்கள் கடைசி ஆட்டத்தை ஆடிய அதே புல்தரை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, கருப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு, கழுத்தில் விசிலோடு பர்ல் டோலர் உள்ளே நடந்து வந்தார்.