பிளாட்டிபஸ் ஒன்றும் கலப்படம் இல்லை

"பாதி பறவை, பாதி பாம்பு, மிச்சம் பாலூட்டி." 2008 மே மாதம், ஆஸ்திரேலியாவில் வாழும் வாத்தலகு கொண்ட, முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸின் மரபணுத்தொகுதி 'நேச்சர்' இதழில் வெளியானபோது பல செய்திகள் இந்தத் தொனியில்தான் வந்தன. இன்றைக்கும் அறிவியல் காணொளிகளில் இதே கதை ஓடுகிறது. எனக்கு இது பெரிய எரிச்சல்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இதன் தோலை 1799இல் விவரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தலகை ஒட்டித் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். நாம் இன்னும் அந்தத் தையலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்!

பறவையிடமிருந்து இது எதையும் கடன் வாங்கவில்லை. முட்டையிடுவது நம் எல்லோருக்கும் பொதுவான மூதாதையின் வழக்கம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் கிளையிலிருந்து பிரிந்த பிளாட்டிபஸும், இதன் உறவான முள்ளுடல் பாலூட்டி எக்கிட்னாவும் அதை விடவில்லை, நாம் விட்டோம். எப்படி விட்டோம் என்பதுதான் இந்த மரபணுக்களில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

முட்டையின் மஞ்சள் கருவுக்கு அடிப்படையான புரதம் வைட்டலோஜெனின். கோழியிடம் அதற்கு மூன்று மரபணுக்கள். பிளாட்டிபஸிடம் வேலை செய்வது ஒன்றே ஒன்று. நம்மிடம் ஒன்றுகூட இல்லை, ஆனால் உடைந்துபோன மிச்சங்கள் இன்னும் நம் டி.என்.ஏ.வில் கிடக்கின்றன. பாலின் முக்கியப் புரதமான கேசீனுக்குரிய மரபணுக்களோ பிளாட்டிபஸிடமும் இருக்கின்றன, நம்மிடமும் இருக்கின்றன. அப்படியென்றால் பால் முதலில் வந்திருக்கிறது. குட்டிக்குப் பாலிலேயே ஊட்டம் கிடைக்கத் தொடங்கியதும் மஞ்சள் கருவின் தேவை குறைந்து, அந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. பிளாட்டிபஸின் முட்டை இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. சுமார் பத்து நாளில் பொரிந்து, குட்டி மாதக்கணக்கில் பால் குடிக்கிறது. அதுவும் காம்பில்லாமல், தோலில் கசியும் பால்.

பாலினக் குரோமோசோம் விஷயமும் சாதாரணமில்லை. நமக்கு எக்ஸ், ஒய் என இரண்டு. இதற்குப் பத்து! ஆணிடம் ஐந்து எக்ஸ், ஐந்து ஒய். நம்மில் ஆண் தன்மையைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு இதனிடம் இல்லை. நம் எக்ஸில் உள்ளவற்றில் பெரும்பகுதி இதன் ஆறாவது குரோமோசோமில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. ஆக, நாம் ஆதிகாலத்து ஏற்பாடு என்று நினைக்கும் எக்ஸ்-ஒய் ஜோடி இந்தப் பிரிவுக்குப் பிறகு உருவானதுதான்.

சரி, ஆணின் பின்னங்கால் முள்ளில் விஷம் இருக்கிறதே, அது பாம்புடையதுதானே என்பார்கள். இல்லை. கிருமிகளை எதிர்க்கும் டிஃபென்சின் மரபணுக்கள் நகலாகி, மாறி, விஷமாயின. ஊர்வனவற்றிலும் இதே வகை மரபணுக்களிலிருந்து விஷம் வந்திருக்கிறது, ஆனால் தனியாக.

பழசிலிருந்து மாறவே மாறாத 'உயிருள்ள புதைபடிவம்' என்று இதை அழைப்பவர்களுக்கு ஒன்று. பிளாட்டிபஸுக்கு அமிலம் சுரக்கும் வயிறு கிடையாது, புரதத்தைச் செரிக்கும் பெப்சினின் மரபணுக்களே தொலைந்துவிட்டன. குட்டியில் முளைக்கும் பற்களும் உதிர்ந்துபோகும். நம் பொது மூதாதைக்கு இரண்டும் இருந்தன. வயிறு, பல் விஷயத்தில் பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருப்பது நாம்தான்.