பக்திப் பாடல் பாடிக்கொண்டே வைத்த தீ

எந்தச் சின்னக் கம்யூனிஸ்ட் கட்சியைப் பற்றி எழுதினாலும் "எத்தனை ஓட்டு வாங்கினார்கள்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அயர்லாந்து கம்யூனிஸ்ட் கட்சியைப் பொறுத்தவரை பதில்: சொல்லிக்கொள்ளும்படி எப்போதும் இல்லை. ஆனாலும் இந்தக் கட்சியின் கதை என்னை விடுவதில்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காக, அயர்லாந்தின் சோசலிஸ்ட் தலைவர் ஜேம்ஸ் கானலியைப் பிரிட்டிஷார் நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். அவர் மகன் ராடி கானலி 1921-இல் தொடங்கியது இந்தக் கட்சி. தந்தை 1897-லேயே எழுதியிருந்தார்: ஆங்கிலேயப் படையை விரட்டி பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையில் அயர்லாந்தின் பச்சைக் கொடி ஏற்றினாலும், சோசலிசக் குடியரசை அமைக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். முதலாளிகள், நிலவுடைமையாளர்கள், வங்கிகள் வழியாக இங்கிலாந்தே ஆண்டுகொண்டிருக்கும் என்றார். கட்சியின் நோக்கம் இன்றைக்கும் இதுதான். பிரிட்டனிடம் இருக்கும் வடக்கையும் சேர்த்து 32 மாவட்டங்களும் ஒன்றான சோசலிச அயர்லாந்து வேண்டும், நேட்டோ வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியம் வேண்டாம்.

இந்த நோக்கம் தெருவில் எப்படி இருக்கும் என்பதை 1932 அக்டோபரில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம் காட்டியது. வேலையில்லாதவர்களுக்கான நிவாரணம் அற்பத்திலும் அற்பம். அதற்கும் தெருவேலை செய்ய வேண்டும். தனி ஆளாக இருந்தால் ஒன்றும் கிடையாது. பின்னர் மறுபடி உருவான கட்சிக்கு முன்னோடியான புரட்சித் தொழிலாளர் குழுக்கள் போராட்டத்தை முன்னின்று நடத்தின. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒன்றாகத் தீப்பந்தம் ஏந்தி நடந்தார்கள். பேண்டுக்காரர்களுக்கு ஒரு சிக்கல்: எந்தப் பாட்டை வாசித்தாலும் அது ஒரு தரப்பின் பாட்டு. கடைசியில் வாழைப்பழத்தைப் பற்றிய அந்தக் காலத்து வேடிக்கைப் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் பொது! போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் புராட்டஸ்டன்ட். அப்புறம் நிவாரணம் உயர்ந்தது. இதை எந்த வாக்கு எண்ணிக்கையில் சேர்ப்பீர்கள்?

ஐந்தே மாதம் கழித்து, 1933 மார்ச், டப்ளின். தவக்காலம். தேவாலயத்தில் கம்யூனிசத்துக்கு எதிரான பிரசங்கத்தைக் கேட்டுச் சூடேறிய கூட்டம், கிரேட் ஸ்ட்ராண்ட் தெருவில் இருந்த 'கானலி இல்லம்' என்ற அலுவலகத்தைச் சுற்றி வளைத்தது. பக்திப் பாடல்களைப் பாடிக்கொண்டே கல் எறிந்தார்கள். கடைசியில் தீயும் வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கூரை மேல் ஏறித் தப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் பாப் டாயில் என்ற பதினேழு வயதுப் பையனும் இருந்தான். பின்னாளில் அவரே கம்யூனிஸ்ட் ஆகி, ஸ்பெயினுக்குப் போய் ஃபிராங்கோவை எதிர்த்துப் போரிட்டு, பிடிபட்டுச் சிறையில் கிடந்தார். இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் படிப்பதை நிறுத்திவிடுவேன். தீ வைக்க வந்த கூட்டத்தில் நின்றவனும் நம் ஆள்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

தீ எரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜூனில் ஷான் மரே தலைமையில் கட்சி மறுபடி உருவானது. மறுபடி என்கிறேன், ஏனென்றால் முதல் கட்சி 1924-லேயே கலைக்கப்பட்டிருந்தது. கலைத்தது எதிரிகள் அல்ல. அமெரிக்காவிலிருந்து திரும்பிய தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கினின் அமைப்பே போதும் என்று மாஸ்கோ முடிவு செய்தது, இவர்கள் கட்டுப்பட்டார்கள். 1941-இல் சோவியத் மீது ஹிட்லர் பாய்ந்ததும் அதே கதை. நடுநிலை நாடான தெற்கில் போரை ஆதரிக்கவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல், டப்ளின் கிளையைத் தாங்களே மூடினார்கள். பெல்ஃபாஸ்ட் தனியாகத் தொடர்ந்தது. வடக்கும் தெற்கும் மறுபடி ஒரே கட்சியாகச் சேர்ந்தது 1970-இல்தான். நாடு ஒன்றாக வேண்டும் என்று சொன்ன கட்சியே கிட்டத்தட்ட முப்பது வருஷம் இரண்டாகக் கிடந்தது.

தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதிரியார்களின் பிரசங்கமும் தீயும் இந்தக் கட்சியைச் சாய்க்கவில்லை. தொலைவிலிருந்து வந்த கட்டளைக்குத் தலையாட்டியதுதான் அதன் முதுகை ஒடித்தது. பெல்ஃபாஸ்டில் எந்தப் பாட்டை வாசிக்கலாம் என்பது மாஸ்கோவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அது அந்தத் தெருக்காரனுக்குத்தான் தெரியும்.

அதற்கு பெட்டி சின்க்ளேர் சாட்சி. 1932-இல் அந்தத் தெருவில் நின்ற பெல்ஃபாஸ்ட் பெண். பின்னாளில் அந்நகரத் தொழிற்சங்கக் கவுன்சிலின் செயலாளர். 1967-இல் வட அயர்லாந்து குடிமை உரிமைச் சங்கம் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே அதன் தலைவர் பொறுப்பு இந்தக் கம்யூனிஸ்டிடம்தான் வந்தது.