'சவுத் போல்' பிராகில் அரங்கேறிய செக் ஓபரா அல்ல

மிரோஸ்லாவ் ஸ்ர்ன்கா இசையமைத்த 'சவுத் போல்' (தென் துருவம்) என்ற ஓபரா, அதாவது பாடி நடிக்கும் இசை நாடகம், பற்றி "செக் மொழியில் எழுதப்பட்டு பிராகில் அரங்கேறிய ஓபரா" என்று ஒரு குறிப்பு சொல்கிறது. இரண்டுமே தவறு. இசையமைப்பாளர் பிராகில் 1975-இல் பிறந்தவர், அவ்வளவுதான். படைப்பு மியூனிக்கின் பவேரிய அரசு ஓபராவில் 31 ஜனவரி 2016 அன்று அரங்கேறியது. டாம் ஹாலோவே எழுதிய ஆங்கில உரை. இசைக்குழுவை நடத்தியவர் கிரில் பெட்ரென்கோ.

ஊர், மொழி மட்டுமல்ல, படைப்பின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். 'இரட்டை ஓபரா' என்று பெயரிட்டிருப்பதைக் கவனியுங்கள். தென் துருவத்தை முதலில் அடையப் போட்டியிட்ட பிரிட்டனின் ஸ்காட் குழுவும் நார்வேயின் அமுண்ட்சென் குழுவும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் பாடுகின்றன. ஸ்காட் குழுவினர் எல்லோரும் டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல்), அமுண்ட்சென் குழுவினர் எல்லோரும் பாரிடோன்கள் (அதைவிடத் தாழ்ந்த ஆண் குரல்). இரு குழுவின் வரிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது, எது யாருடையது என்று காது பிரித்தறிவது இந்தக் குரல் உயர வித்தியாசத்தால்தான். முதல் தயாரிப்பில் ரோலாண்டோ வில்லசோன் ஸ்காட்டாகவும் தாமஸ் ஹாம்ப்சன் அமுண்ட்செனாகவும் பாடினார்கள்.

இன்னொன்று: 2009-இல் ஸ்ர்ன்கா பெற்றது எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் இசை அறக்கட்டளை இளம் இசையமைப்பாளர்களுக்குத் தரும் பரிசு. அதே அறக்கட்டளையின் அந்த ஆண்டு முதன்மைப் பரிசு இசையமைப்பாளர் கிளாவுஸ் ஹூபருக்குப் போனது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.