டெபியன் கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டதா?

கட்டற்ற மென்பொருளே தன் கொள்கை என்று சொல்லிவந்த லினக்ஸ் இயங்குதளம் டெபியன். அதன் இன்ஸ்டாலரில் மூடிய ஃபர்ம்வேரை, அதாவது வைஃபை கார்டு போன்ற சாதனத்துக்குள் ஓடும், மூல நிரல் தராத மென்பொருளைச் சேர்த்ததால் இப்படிக் கேட்கிறார்கள். இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். 1997இல் எழுதிய 'சமூக ஒப்பந்தம்' என்ற அடிப்படை ஆவணத்தில் கைவைக்க டெபியன் உருவாக்குநர்களின் வாக்கெடுப்பில் மூன்றுக்கு ஒன்று பெரும்பான்மை வேண்டும். அதைப் பெற்றுத்தான் 2022 அக்டோபரில் திருத்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் இன்ஸ்டாலரிலேயே மூடிய ஃபர்ம்வேரும் சேர்ந்து வந்தது.

அதற்கு முன் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு மாணவி லேப்டாப்பில் டெபியன் போட உட்கார்ந்தால், வைஃபைக்கு '.யூகோட்' என்று முடியும் கோப்பைக் கேட்டு இன்ஸ்டாலர் நின்றுவிடும். லேன் போர்ட்டும் இல்லையென்றால் கோப்பு வந்தால்தான் நெட், நெட் வந்தால்தான் கோப்பு. போனை யூஎஸ்பி டெதரிங்கில் மாட்டினால் வழி பிறக்கும். அது தெரியாத பிள்ளை விண்டோஸுக்கே திரும்பிவிடும்.

இத்தனைக்கும், இதே மூடிய நிரலைக் கார்டுக்குள்ளிருக்கும் சிப்பிலேயே எரித்து விற்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வட்டிலிருந்து ஏற்றினால் மட்டும் தீட்டா? வட்டில் இருந்தால் என்ன ஏறுகிறது என்றாவது பார்க்கலாம், பிழை திருத்தம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

வேண்டாம் என்பவருக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பூட் மெனுவில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ஃபர்ம்வேர்=நெவர்' சேர்த்து எஃப்10 தட்டுங்கள். பழைய பயாஸ் கணினியில் 'இ'க்குப் பதில் டேப், பிறகு என்டர். போட்டு முடித்தவர்கள் /var/log/installer அடைவில் 'ஃபர்ம்வேர்-சம்மரி' கோப்பைத் திறந்தால் எது ஏறியது என்ற கணக்கு இருக்கும்.

11இலிருந்து 12க்கு ஏறியவர்கள் கவனிக்க: மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்டில், மூடிய மென்பொருளுக்கான 'நான்-ஃப்ரீ' பிரிவு மட்டும் இருந்தால் போதாது. 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்பதையும் எழுதி ஆப்ட் அப்டேட் கொடுங்கள். விட்டுவிட்டால் வைஃபை வழக்கம்போல் ஓடும், ஆனால் ஃபர்ம்வேர் பழசாகவே கிடக்கும். பிராசசருக்குள் ஏறும் நிரலான இன்டெல், ஏஎம்டி மைக்ரோகோடும் இந்தப் பிரிவுக்கு மாறிவிட்டதால் பிராசசரின் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. ஃபர்ம்வேர் மட்டும் தேவைப்படுகிறவர் பழைய 'நான்-ஃப்ரீ'யை எடுத்துவிடலாம். என்விடியாவின் மூடிய டிரைவர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடுவது, கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேரோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

என் மனத்தாங்கல் வேறொன்றில். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32-பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் பழைய கணினியை லினக்ஸ் போட்டு ஓட்டலாம் என்றுதான் பலரையும் இந்தப் பக்கம் அழைத்தோம். பராமரிக்க ஆள் வேண்டும் என்ற நியாயம் புரிகிறது, இழப்பு இழப்புதான்.

தூக்கிப்போடும் முன் டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' (lscpu) கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஆப்-மோட் வரியில் 64-பிட் என்று வந்தால், 32-பிட் சிஸ்டம் ஓடும் பெட்டியாக இருந்தாலும் பேக்கப் எடுத்துக்கொண்டு 64-பிட்டைப் புதிதாகப் போடலாம். 32 மட்டும் என்றால் 12லேயே நிறுத்திக்கொள்ளுங்கள், 13க்கு அப்கிரேட் கொடுக்காதீர்கள்.