நகல் எடுத்துக் கொடுக்க ஆலோசகர் எதற்கு?

அமெரிக்கப் பூர்வகுடி அரசுகளுக்குச் சுற்றுச்சூழல் விதிகள் எழுதித் தரும் ஆலோசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து மாநிலத்தின் நீர்த்தர விதிகளை எடுத்து, மாநிலத்தின் பெயர் இருக்கும் இடத்தில் பழங்குடியின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும், மாநிலமும் சண்டைக்கு வராது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

தூய நீர்ச் சட்டத்தில் 1987-இல் 518-ஆம் பிரிவு சேர்ந்தது. தகுதி பெற்ற பழங்குடி அரசை மத்திய சுற்றுச்சூழல் முகமை ஒரு மாநிலத்துக்கு நிகராக நடத்தலாம் என்பது அதன் சாரம். நியூ மெக்சிகோவில் இருக்கும் இஸ்லெட்டா மக்கள் 1992-இல் அந்தத் தகுதியைப் பெற்றார்கள். அவர்கள் நிலத்துக்குச் சில மைல் மேலே, ரியோ கிராண்டே ஆற்றில்தான் ஆல்புகர்க்கி நகரத்தின் சுத்திகரிப்பு நிலையம் கழிவுநீரை விடுகிறது. இஸ்லெட்டாவின் சடங்குகளில் மக்கள் அந்த ஆற்றில் இறங்குவார்கள், அந்த நீர் வாய்க்குள்ளும் போகும். அதனால் சடங்குப் பயன்பாடு என்பதையே ஆற்றின் ஒரு பயனாக விதியில் எழுதினார்கள். மாநில விதியைவிடக் கடுமையான வரம்புகள் வைத்தார்கள்.

நகரம் வழக்குப் போட்டது. சடங்குக்காக விதி எழுதுவது அரசு ஒரு மதத்தை ஆதரிப்பதாகும் என்றுகூட வாதாடியது. 1996-இல் அந்தப் பகுதிக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் (பத்தாவது வட்டாரம்) அதை ஏற்கவில்லை. பழங்குடி அரசு கூடுதல் கண்டிப்போடு விதி வைக்கலாம், மேலே இருக்கும் நகரமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாநில விதியையே நகல் எடுத்திருந்தால் இந்தத் தீர்ப்புக்கு வேலையே இருந்திருக்காது. அந்த நீரும் முன்பு போலவே வந்துகொண்டிருந்திருக்கும்.

மீன் விஷயம் இன்னும் மோசம். ஆற்றில் எவ்வளவு நச்சு இருக்கலாம் என்ற வரம்பு, மக்கள் தினம் எவ்வளவு மீன் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் வருகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் வரம்புகள் 2016 வரை நாளொன்றுக்கு 6.5 கிராம் என்ற கணக்கில் நின்றன. கொலம்பியா ஆற்றுப் படுகையின் நான்கு பழங்குடிகளிடம் எடுத்து 1994-இல் வெளிவந்த கணக்கெடுப்பில் பெரியவர்களின் சராசரி 58.7 கிராம், ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கெடுப்பெல்லாம் சேர்ந்துதான் பக்கத்து ஓரிகான் 2011-இல் 175 கிராமுக்கு மாறியது. சால்மனை நம்பி வாழ்கிற மக்களுக்கு 6.5 கிராம் கணக்கை நகல் எடுத்துக் கொடுப்பது, அவர்கள் தட்டில் நஞ்சு வைப்பதற்குச் சமம். இப்படிச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நிலத்தில் சிக்கல் வேறு மாதிரி. 1887-இன் டாஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் துண்டு துண்டாக்கித் தனி ஆட்களுக்குக் கொடுத்தது, மிஞ்சியதை வெளியாருக்குத் திறந்துவிட்டது. 1934-க்குள் சுமார் 9 கோடி ஏக்கர் கைவிட்டுப் போனது. இன்றும் பல இடங்களில் ஒரே எல்லைக்குள் ஒரு துண்டு பழங்குடிக்கு, அடுத்த துண்டு வெளியாருக்கு. அந்த வெளியார் நிலத்தின் மீது தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஒவ்வொரு பழங்குடியும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. தூய நீர்ச் சட்டமே அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது என்று முகமை விளக்கத்தை மாற்றியது 2016-இல்தான். இந்த வரலாறு தெரியாத ஆலோசகர் எழுதும் மேய்ச்சல் விதியோ காட்டு விதியோ முதல் வழக்கிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

சரி, சிறிய பழங்குடிகளிடம் ஆளும் பணமும் இல்லையே, மாநிலமே பார்த்துக்கொள்ளட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆள் இல்லையென்றால் ஆளைத் தயார் செய்ய வேண்டும். ஆலோசனை ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடலாம். நீர் மாதிரி எடுப்பது அந்த ஊர் இளைஞர்கள். கிடைக்கும் தரவு முழுக்கப் பழங்குடி அரசின் சொத்து. சடங்கு பற்றிய விவரங்களில் எதை வெளியே சொல்வது என்று முடிவெடுப்பது அவர்களின் பெரியவர்கள். இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளாத ஆலோசகரைப் பழங்குடி மன்றம் வேலைக்கு எடுக்கக் கூடாது.