ஒய்எர் முழு நீளம் அல்ல

பைத்தானில் வரைபடம் வரைய உதவும் நிரல் தொகுப்பு மேட்பிளாட்லிப் (matplotlib). அதில் புள்ளியின் மேலும் கீழும் பிழைக்கோடு போடுவது எர்ரர்பார் (errorbar); அந்தக் கோடு எவ்வளவு நீளவேண்டும் என்று அதற்குக் கொடுக்கும் மதிப்புதான் ஒய்எர் (yerr). இதுபற்றி ஒரு பதிலில், ‘மேட்பிளாட்லிப்பின் எர்ரர்பாரில் ஒய்எர் என்பது கோட்டின் முழு நீளம், அதுவே பாதியாகப் பிரித்து மேலும் கீழும் போட்டுக்கொள்ளும், அதனால் திட்டவிலக்கத்தை (அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 2 ஆல் பெருக்கிக் கொடுங்கள்’ என்று இருக்கிறது. தவறு. அப்படிச் செய்தால் கோடு இரு மடங்கு நீளும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் வம்பு.

ஒய்எர் என்பது புள்ளியிலிருந்து ஒரு பக்கத்துக்கான தூரம். சராசரி 20, ஒய்எர் 3 என்றால் கோடு 17 முதல் 23 வரை. சந்தேகமிருந்தால் ஒரே ஒரு புள்ளியை வரைந்து அச்சில் பாருங்கள். ஒற்றை எண் கொடுத்தாலும், புள்ளிக்கு ஒன்றாகப் பட்டியல் கொடுத்தாலும் சமச்சீர்தான். இரண்டு வரிசை அணி கொடுத்தால் மட்டும் முதல் வரிசை கீழ்ப்பக்கம், அடுத்தது மேல்பக்கம். அங்கேயும் தூரம்தான் கேட்கிறது. 17, 23 என்று எல்லைகளையே போட்டால் கோடு 3 முதல் 43 வரை போய் நிற்கும்!

சமச்சீரான 95% நம்பிக்கை இடைவெளியின் (உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்பு) இரு எல்லைகள் கையில் இருந்தால், வித்தியாசத்தை 2 ஆல் வகுத்துக் கொடுங்கள். இந்த 2 தான் அந்தப் பதிலில் தலைகீழாகப் பெருக்கலாகிவிட்டது போல.

கோடு எதைக் காட்டுகிறது என்பதையும் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். திட்டவிலக்கமா, திட்டப்பிழையா (கணக்கிட்ட சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) என்பதைப் பொறுத்து நீளம் வெகுவாக மாறும்: 25 அளவீடுகளில் திட்டவிலக்கம் 10 என்றால் சராசரியின் திட்டப்பிழை வெறும் 2.