படம் 14-ஐக் காண்க

நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய, பழைய தச்சு நூல் ஒன்றின் மறுபதிப்பைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். ஆனால் "படங்கள் எங்கே?" என்று நான் கேட்டிருந்த ஒரே கேள்விக்கு, அதைப் பதிப்பித்த நண்பர், "படம் எதற்கு? ஆசாரி என்ன புத்தகத்தைப் பார்த்தா வேலை செய்கிறார்?" என்று பதில் சொன்னதையும், அதற்கு நாற்பது பேர் சிரிப்புக்குறி இட்டிருப்பதையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மூலப் பிரதி என்னுடையது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பின் அல்லிக்குளத்துக்கு வந்த பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில், தலைப்புப் பக்கம் இல்லாமல், இராமபாணப் பூச்சி துளைத்த நிலையில் எனக்குக் கிடைத்தது. மடித்து வைத்து ஒட்டிய படத்தாள்கள் மட்டும் ஏனோ தப்பியிருந்தன. மறுபதிப்புக்கு என்று கேட்டபோது மறுபேச்சின்றிக் கொடுத்தேன். முதுகு பிளந்து திரும்பி வந்தது, அதைக்கூட விட்டுவிடுகிறேன். வெளிவந்த புத்தகத்தில் ஒரு படமும் இல்லை. ஆனால் 46-ஆம் பக்கத்தில் "படம் 14-ஐக் காண்க" என்ற வரி மட்டும் பத்திரமாக இருக்கிறது. எங்கே போய்க் காண்பது?

படத்தையும் அளவையும் எடுத்துவிட்டு அச்சிட்டால் அது மறுபதிப்பு ஆகாது. தொழில்நூலில் படம் அலங்காரம் அல்ல, படம்தான் நூல். எழுத்து அதற்கு எழுதிய உரை. 1677 முதல் இலண்டனில் தவணை தவணையாகக் கைத்தொழில் நூல் வெளியிட்ட ஜோசப் மாக்சன் என்ற ஆங்கிலேயரும் இழைப்புளியையும் உளியையும் சொல்லால் மட்டும் விளக்கிவிட முயலவில்லை. தகடு செதுக்கிப் படமும் போட்டார்.

அளவின் கதை இன்னும் மோசம். பழைய நூலில் தமிழ் எண்கள். கால் என்பதற்குரிய பின்னக்குறி பார்ப்பதற்கு ‘வ’ போலவே இருக்கும். "௨வ விரற்கடை" என்றால் இரண்டேகால் விரற்கடை, அதாவது இரண்டேகால் விரல் அகலம். புதிய பதிப்பில் அது ஓரிடத்தில் "2 வ விரற்கடை" என்றும், வேறோரிடத்தில், எழுத்துப்பிழை என்று கருதித் திருத்தியிருப்பார்கள் போலும், வெறும் "2 விரற்கடை" என்றும் வந்திருக்கிறது. ‘வ’ என்றால் வடக்கா என்று ஒரு வாசகர் என்னிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கால் விரற்கடை குறைந்தால் கழுந்து, அதாவது இணைப்புக்காகச் செதுக்கிய மரமுனை, துளைக்குள் கூத்தாடும் என்பது மெய்ப்புப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? 1887-இல் சிந்தாமணியை அச்சேற்றுவதற்காக ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த உ.வே.சா.வைக் கொண்டாடுகிறோம், உளிக்கும் இழைப்புளிக்கும் என்று வந்தால் மட்டும் தட்டச்சு செய்து கொடுத்தால் போதுமாம்.

இப்போது "ஆசாரி புத்தகம் பார்த்தா வேலை செய்கிறார்" என்பதற்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே 14-ஆம் படத்தை நகலெடுத்துக்கொண்டு வியாசர்பாடியில் ஒரு முதிய தச்சரிடம் போனேன். அவருக்கு எழுத்துக் கூட்டவும் வராது. கழுந்தின் நுனியில் இரண்டு கோடுகள் ஏன் என்று எனக்குப் பல நாட்களாகப் புரியவில்லை. உரையிலும் விளக்கம் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே பிடித்துப் பார்த்தவர், "இது ஆப்பு சார். வெளியே தெரியாது. கழுந்த அடிச்சு எறக்குனா ஆப்போட தலை துளையோட அடியில முட்டும், உள்ளயே விரிஞ்சுக்கும். அப்புறம் மரத்த ஒடைச்சாத்தான் பிரியும்" என்றார். எம்.ஏ. படித்த எனக்கு உரை புரிந்தது, படம் புரியவில்லை. அவர் உரையைத் தொடவே இல்லை, படத்தைப் படித்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் அவரால் படிக்க முடிந்த பகுதியை மட்டும் தேடிப் பிடித்து நீக்கிவிட்டு, அவர் புத்தகம் பார்ப்பதில்லை என்று சிரிக்கிறீர்கள்.

"ஏதோ ஒன்றாவது வந்திருக்கிறதே" என்பவர்களுக்கு: ஏதோ ஒன்று வந்துவிட்டதால்தான் முழுமையானது இனி வராது. மடிப்புத்தாளுக்குச் செலவு அதிகம் என்பது உண்மைதான். அட்டையின் தங்கநிற எழுத்துக்கும் செலவுதான். பதிப்புரிமை இல்லாத நூல், யாரும் அச்சிடலாம் என்று ஒருவர் எனக்குச் சட்டம் சொல்லித் தந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் அது பொதுச்சொத்து என்பது எனக்கும் தெரியும். நான் பங்கு கேட்கவில்லை, படம் கேட்டேன்.

ஆனால் ஒரு பின்னூட்டம் தைத்தது. நான் செய்வது 1953-இன் குலக்கல்விக்கு ஏங்குகிற பழம்பெருமையாம். அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற அந்தத் திட்டம் 1954-இல் காமராசர் வந்ததும் போனது; போனது நல்லதுதான் என்று சொல்வதற்கு எனக்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. என் தாத்தா வாய்ச்சி பிடித்த தச்சர். அளவுகோலைத் துணியில் சுற்றித்தான் வைத்திருப்பார். பந்தலுக்குள் வெளியாள் நுழைந்தால் குறிபோடுவதை நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். வந்தவர் போன பிறகுதான் வேலை தொடரும். என் அப்பா குமாஸ்தா ஆக வேண்டும் என்பதற்காக, பெற்ற பிள்ளைக்கும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. தாத்தா போன பிறகு சாக்கில் கட்டிப் பரணில் கிடந்த கருவிகளில் பாதிக்குப் பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை. பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போயின. தொழிலைக் குலத்துக்குள் பூட்டி வைத்தது அந்தத் துணிச்சுற்று. அதை அவிழ்த்து, எந்தச் சாதிப் பிள்ளையும் எந்தப் பெண்ணும் பார்த்துக் கற்கட்டும் என்று அச்சில் போட்டது இந்தப் புத்தகம். அதை மீண்டும் பதிப்பிப்பதா குலக்கல்வி? படத்தை எடுத்துவிட்டு மறுபடியும் துணியைச் சுற்றியது நானா?

சேர்த்து வைத்துப் பூதம் காக்கிறேன் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். காப்பவன் பிரதியைத் தூக்கிக் கொடுத்திருக்க மாட்டான். கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய தமிழ் நூல்களைச் சேர்த்ததையும் ஊர் இப்படித்தான் பேசியிருக்கும்; அவர் 1992-இல் மறைந்த பின் அந்தச் சேகரம் சென்னையில் ஆய்வு நூலகமாகி இன்று தரமணியில் இருக்கிறது. அவரோடு என்னை ஒப்பிடவில்லை, என்னிடம் இருப்பது இரண்டு அலமாரி. அந்த இரண்டு அலமாரிக்குத்தான் இவ்வளவு பேச்சு.

அடுத்த அச்சில் நன்றிப் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தை வாங்கி ஏமாந்தவர்களுக்காகப் படம் 14-ஐ இத்துடன் இணைத்திருக்கிறேன். ஓரத்தில் ஓர் அளவுகோட்டை வரைந்திருக்கிறேன். அச்சில் அது சரியாக 10 செ.மீ. வருகிறதா என்று பார்த்துவிட்டு, 46-க்கும் 47-க்கும் நடுவே ஒட்டிக்கொள்ளுங்கள். மைதாப் பசை மட்டும் வேண்டாம், பூச்சி வரும்.